காளி லினக்ஸும் வெளியிலிருந்து சேர்க்கும் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில் சைபர் பாதுகாப்புப் படிப்பு பற்றி வந்த கட்டுரையை எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். நல்ல கட்டுரை. அதில் 'இன்றே உங்கள் லேப்டாப்பில் காளி லினக்ஸைப் போடுங்கள்' என்று ஒரு வரி இருந்தது. காளி என்பது விண்டோஸைப் போல ஓர் இயங்குதளம், கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கானது. நான் கணினி ஆய்வக உதவியாளராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அப்படிப் போட்ட பிள்ளைகள் அடுத்த மாதம் எந்த நிலையில் என்னிடம் வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் அன்று காலை எட்டரைக்கே ஆய்வக வாசலில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். லேப்டாப்பை இயக்கினால் கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற சொல் மட்டும் வருகிறது. டெஸ்க்டாப்பே இல்லை. மகளிர் குழுவில் கடன் எடுத்து அவன் அம்மா வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுக் காளியை மட்டும் போட்டிருந்தான்.

நடந்தது இதுதான். நெட்வொர்க் பாடத்துக்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அது காளியின் ரெப்போவில், அதாவது அதன் மென்பொருள் களஞ்சியத்தில், கிடையாது; உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கென்று தயாரித்த ஒரு கோப்பாகத்தான் கிடைக்கிறது. அதை நிறுவப் போனபோது 'லிப்ஜிஎல்1-மேசா-ஜிஎல்எக்ஸ் இல்லை' என்று நின்றுவிட்டது. ஒரு வீடியோவைப் பார்த்து, எந்த ரெப்போவிலிருந்து மென்பொருள் எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் உபுண்டு 20.04-க்கான வரிகளைச் சேர்த்தான். அப்புறம் இன்னொரு வீடியோ, இன்னும் நான்கு கட்டளைகள். கடைசியில் 'இவற்றையெல்லாம் நீக்கட்டுமா?' என்று ஒரு நீண்ட பட்டியலைக் காட்டிக் கணினி கேட்டிருக்கிறது. மணி இரவு ஒன்று. படிக்காமல் 'ஒய்' அழுத்திவிட்டான். அந்தப் பட்டியலில் அவனுடைய டெஸ்க்டாப்பும் இருந்தது.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸால் லேப்டாப்பைத் தொடங்கி, அவன் கோப்புகளை முழுவதும் வெளியே எடுத்தோம். ப்ராஜெக்ட் தப்பியது. அதன்பின் காளியை மறுபடி நிறுவி, அந்த மென்பொருள் ஏன் நின்றது என்று இருவருமாகப் பார்த்தோம்.

அவன் தேடி அலைந்த லிப்ஜிஎல்1-மேசா-ஜிஎல்எக்ஸ் என்பது வெறும் பெயர். உள்ளே ஒன்றும் கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேலை லிப்ஜிஎல்1, லிப்ஜிஎல்எக்ஸ்-மேசா0 என்ற பேக்கேஜ்களுக்கு (மென்பொருள் பொதிகளுக்கு) போய்விட்டது. பழைய மென்பொருள்கள் தடுமாறக் கூடாது என்பதற்காகப் பழைய பெயரை மட்டும் ஒரு வெற்றுப் பேக்கேஜாக டெபியன் என்ற லினக்ஸ் விட்டுவைத்திருந்தது. டெபியன் 12 வரை இருந்த அதை அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள். காளியோ டெபியனின் டெஸ்டிங் என்ற, அடுத்த பதிப்புக்குத் தயாராகும் கிளையிலிருந்து உருவாவது. ஆகவே அங்கேயும் இல்லாமல் போனது. தெருவின் பெயர் மாறிய பிறகு பழைய பெயரைச் சொல்லி விசாரித்தது போலத்தான் அந்த மென்பொருள் கேட்டிருக்கிறது. அதற்கு வேண்டியது முழுக்க அவன் லேப்டாப்பிலேயே இருந்தது.

டெபியனில் ஈக்விவ்ஸ் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது, காளியிலும் கிடைக்கும். பழைய பெயரைக் கொடுத்து, 'இதற்கு லிப்ஜிஎல்1 தேவை' என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜ் செய்து தரும். அதை நிறுவிய பிறகு அவனுடைய மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏறியது. வெளியிலிருந்து ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அன்று அவன் கற்றுக்கொண்டது ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம் என்பேன்.

காளி 2013 மார்ச்சில், பேக்டிராக் என்ற பழைய லினக்ஸ் தொகுப்பின் வாரிசாக வந்தது. அனுமதியோடு கணினிக்குள் நுழைந்து பார்த்துக் குறைகளைத் தேடும் ஊடுருவல் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி அது. அதன் சோர்சஸ் லிஸ்டில் இருக்க வேண்டியது காளி-ரோலிங் என்ற ஒரே ஒரு வரி. வெளி ரெப்போக்களைச் சேர்த்தால் கணினி உடைந்துபோகும் ஆபத்து மிக அதிகம் என்று காளியின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். லினக்ஸுக்குப் புதியவர்களுக்கும், அன்றாட வேலைக்கு ஒரு டெஸ்க்டாப் தேடுபவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை என்றும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுவது வீடியோதான்.

அந்த ஒரு வரிக்குள்ளேயே எவ்வளவு கிடைக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று ஒரு மாணவி எங்கோ ஒரு தளத்திலிருந்து எழுத்துருவை இறக்கிக்கொண்டிருந்தாள். ஃபான்ட்ஸ்-தமிழ் என்ற பொருளில் 'ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல்' என்ற பேக்கேஜ் காளியிலேயே உண்டு. ஐபஸ்-எம்17என் போட்டால் தமிழ்99 விசைப்பலகையும் வந்துவிடும். முதலில் உள்ளே தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதித் தொல்லை குறையும்.

உள்ளே இல்லையென்றாலும் வழி இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டு மென்பொருள்களுக்கு ஃப்ளாட்பேக் என்ற நிறுவும் முறை போதும். அதில் வரும் மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடேயே வைத்துக்கொள்ளும், கணினியின் மற்றப் பேக்கேஜ்களில் கை வைக்காது. பைதான் கருவிகளுக்கு, ஒவ்வொன்றையும் தனியே நிறுவும் பிப்எக்ஸ் அல்லது தனிச் சூழல். காளி 2024.4 முதல், பைதானின் நிறுவும் கருவியான பிப் கொண்டு கணினியில் நேரடியாக நிறுவ முடியாதபடி தடுத்திருக்கிறார்கள். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தத் தடையைத் தாண்டலாம். கணினியை உடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதையும் வீடியோவில் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொன்று. 2025 ஏப்ரல் இறுதியில், பேக்கேஜ்கள் தங்களிடமிருந்தே வருகின்றன என்று உறுதிசெய்யும் ரெப்போவின் கையெழுத்துச் சாவியை இனித் தங்களால் பயன்படுத்த முடியாது என்றும் புதிய சாவியை எல்லோரும் இறக்கிக்கொள்ள வேண்டும் என்றும் காளி திட்டத்தினர் வெளிப்படையாக அறிவித்தார்கள். ஒரு கட்டளையில் முடிகிற வேலை. எங்கள் மாணவர்கள் சிலர் அதைச் செய்யாமல், கையெழுத்தைச் சரிபார்ப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். வருகிற பேக்கேஜ் யாரிடமிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் படிக்க ஆசைப்படும் துறையின் முதல் பாடம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். லேப்டாப்பில் டெபியனோ உபுண்டுவோ இருக்கட்டும், விண்டோஸ்கூட இருக்கட்டும். காளி அதற்குள், கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல் பாக்ஸில் ஓடட்டும். அதற்கான தயார்நிலைக் கோப்பைக் காளி தளத்திலேயே தருகிறார்கள். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் தாராளமாகத் தாங்கும். எதையாவது நிறுவும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கெட்டுப்போனாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அடுத்த இணைப்பிதழில் இதை நான்கு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள்.

மென்பொருளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஆப்ட் கட்டளை காட்டும் பட்டியலில் எந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று 'என்' எழுத்தை அழுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பயன்படுமானால் அதன் நகலை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் கணினி ஆய்வக உதவியாளர்,
விருதுநகர் மாவட்டம்