எட்டு விநாடி

அண்ணே,

'ஸ்பிரிங்' குழுவின் அந்த இசைத்தட்டு வீடு மாறும்போது தொலையவில்லை. நான்தான் விற்றேன். நீங்கள் ஊருக்குப் போய் இன்றோடு ஐந்து வருடம். இனியும் மறைக்க முடியவில்லை.

அறை வாடகை முழுவதும் என் தலையில் விழுந்த மாதம் அது. ஏன் விழுந்தது என்று இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்கள் படிப்பார்கள், உங்கள் வீட்டிலும் படிப்பார்கள். உங்களுக்குத் தெரியும், அது போதும். விற்க வேறு என்ன இருந்தது என்னிடம்? லேப்டாப் இருந்தது, ஆமாம். ஆனால் 1971-ல் நியான் என்ற இசை நிறுவனப் பெயரில் வந்த அசல் தட்டுக்குத்தான் உடனே பணம் கிடைக்கும். கடைக்காரர் அந்த மூன்று மடிப்பு அட்டையை விரித்தார். அதன் படத்தில் ஆற்றோரம் விழுந்து கிடக்கும் சிப்பாயைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இரவு வேலை முடிந்து வந்த அந்த விடியற்காலை நினைவிருக்கிறதா? ஹீட்டர் ஓடவில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து, 'ஸ்பிரிங்' என்ற பெயரைக் காட்டி, "நம்ம லெஸ்டர் பசங்கடா" என்றீர்கள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத இந்த இங்கிலாந்து ஊர் அன்றுதான் எனக்கு ஊரானது. குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் மெல்லோட்ரான் என்ற கட்டை வாத்தியம் வாசிப்பார்கள் என்றீர்கள். நான் விழித்தேன். என் விரலைப் பிடித்து மேசையில் அழுத்தினீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா, வயலினோ புல்லாங்குழலோ அதில் முன்பே பதிந்திருக்கும், அழுத்தினால் ஓடும். "எண்ணு" என்றீர்கள். எட்டு வந்ததும் விரலைத் தூக்கிவிட்டீர்கள். "நாடா தீர்ந்துபோச்சு. இனிமே எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. விட்டுட்டுத்தான் மறுபடி அழுத்தணும்." அப்புறம் அந்தத் தட்டில் 'கிரெயில்' பாட்டைப் போட்டீர்கள். எங்கே விரலை எடுக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே கேட்டேன். இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.

இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நீங்கள், திரும்பி வரமாட்டேன் என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை? அடுத்தவர் வாயால் கேட்டேன் அண்ணே. உங்கள் செருப்புகூட வாசலில் கிடந்தது.

சரி. ஸ்பிரிங்கின் டிரம்மர் பிக் விதர்ஸ் பின்னால் டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்ததை நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். பாடிய பேட் மோரனைப் பற்றிச் சொன்னதில்லை. இரண்டாவது ஆல்பத்துக்குப் பாடல்கள் பதிவு செய்தும் அப்போது வெளிவராமலே குழு கலைந்தது. அவர் வேல்ஸில் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவிலேயே, இந்த ஆல்பம் பதிவான அதே இடத்தில், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகிவிட்டார். 2011-ல் இறந்தார். நீங்கள் ஊருக்கு எடுத்துப்போன ரஷ் குழுவின் 'ஏ ஃபேர்வெல் டு கிங்ஸ்' தட்டில் பொறியாளர் பெயரைப் பாருங்கள். இத்தனை வருடம் அவர் உங்கள் அலமாரியில்தான் இருந்திருக்கிறார்.

அசல் தட்டு வாங்க இன்னும் என்னால் முடியவில்லை. மறுபதிப்பு சிடி ஒன்று வாங்கிவிட்டேன். 'சாங் டு ஆப்சென்ட் ஃபிரெண்ட்ஸ்', அருகில் இல்லாத நண்பர்களுக்கான பாட்டு, வரும்போது மட்டும் நிறுத்திவிட்டேன். சிடியை உங்கள் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.