திரும்பி வரும் ஆப்பிள் துண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் ஒன்பது ஆண்டுகளாக இந்திய உணவுக்கடை நடத்துகிறேன். சாப்பாட்டோடு பிள்ளைகளுக்குப் பழமும் வைத்துக் கொடுக்கிறோம். தர்பூசணி வைத்த நாளில் தோல்தான் திரும்பி வரும். ஆப்பிள் வைத்தால் சிலர் தொடாமலேயே தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். வீட்டில் கொடுக்கிற செல்லம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு தொடக்கநிலை 5 (பதினோரு வயது) மாணவி ஒருத்தி தினமும் சோறும் பருப்பும் மட்டும் வாங்குவாள். "சிக்கன் வேணாமா பாப்பா?" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். சைவமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் கடையில் கூட்டமில்லை. அவளைக் கவனித்தேன். இடப்பக்கமாகவே மெல்லுகிறாள், தண்ணீர் குடிக்கும்போது வலக்கன்னத்தைக் கையால் அழுத்திக்கொள்கிறாள். மணி அடித்தபோது பாதிச் சோறு அப்படியே இருந்தது. "பல் வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லை ஆன்ட்டி." "அப்புறம் ஏன் இந்தப் பக்கம் மெல்ல மாட்டேங்கிற?" "அந்தப் பக்கம் ஷார்ப்பா இருக்கும்." பல் கூச்சம் என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. வலி என்றால் அழவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஆசிரியரிடம் சொன்னேன். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

பாலிடெக்னிக்கில் பல் பராமரிப்பு படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, "அத்தை, நீங்க ரெண்டாவதா கேட்டீங்களே, அந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு அளவுகோலே இருக்கு" என்றாள். தாய்லாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளை வைத்து உருவாக்கி, 2004ல் வெளியிட்டார்களாம். 'சைல்ட் ஓஐடிபி' என்று பெயர். வாயும் பல்லும் பிள்ளையின் அன்றாடக் காரியங்களை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது. சாப்பிடுவது, பேசுவது, பல் துலக்குவது, தூங்குவது, மனநிலை, பல் தெரியச் சிரிப்பது, படிப்பது, மற்றவர்களோடு பழகுவது என்று எட்டு காரியங்கள். கடந்த 3 மாதத்தில் வாயாலோ பல்லாலோ இவற்றில் எது தடைப்பட்டது, எத்தனை தடவை, எவ்வளவு சிரமம் என்று படங்களைக் காட்டிப் பிள்ளையிடமே கேட்கிறார்கள். தடவைக்கு 0 முதல் 3, சிரமத்துக்கு 0 முதல் 3. இரண்டையும் பெருக்கி, எட்டையும் கூட்டினால் அதிகபட்சம் 72. அங்கே 1,126 பிள்ளைகளிடம் கேட்டதில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு தடை இருந்திருக்கிறது. முதலிடம் சாப்பாட்டுக்கு. காரணம் சொத்தை மட்டுமில்லை. கூச்சம், வாய்ப்புண், ஏன், ஆடும் பால் பல்கூட.

பால் பல் என்றதும் என் மகன் ஞாபகம் வந்தது. இரண்டாம் வகுப்பில் முன்பல் இரண்டும் விழுந்து, தமிழ் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். "பல் போனால் சொல் போச்சு" என்று என் அம்மா கேலி செய்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பல் பரிசோதனையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் அவன் வகுப்பில் பேசவில்லை.

நம் பள்ளிப் பல் மருந்தகங்களை நான் குறை சொல்லவில்லை. பல் பரிசோதனைக்காக வகுப்புக் கதவைத் தட்டிப் பெயர் கூப்பிட்டாலே வயிறு கலங்கிய தலைமுறை நான். இன்று என் வாயில் பல் இருப்பது அந்த நாற்காலியால்தான். 1950களிலேயே சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கிய ஊர் இது. பல்லை எண்ணுவதில் நமக்குக் குறையில்லை. அதே நாளில் அந்த எட்டுக் கேள்வியையும் கேட்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள். தொடக்கநிலை 5ல் தொடங்கினால் போதும். வீட்டில் பேசும் மொழியிலும் கேட்க வேண்டும். "பல்லு கூசுதா?" என்று பாட்டி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அதே சொல்லில் கேட்டால்தான் பதில் வரும்.

கேள்வி மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். தொடக்கச் சொத்தை வலிக்காது, கூசாது. அதற்குப் பல் மருத்துவரின் கண்ணாடிதான் வேண்டும். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுகிற வாண்டுகளும் இருக்கிறார்கள், கடைக்காரிக்குத் தெரியாதா? எத்தனை தடவை, எப்போது என்று துருவினால் அவர்கள் தாமாகவே மாட்டிக்கொள்வார்கள்.

அந்த மாணவிக்குப் பிறகு ஆப்பிளை மெல்லிசாகச் சீவி வைக்கிறேன். தட்டில் இப்போது அவ்வளவாக மீதி வருவதில்லை. யாருக்குக் கடிக்க முடியவில்லை என்று எனக்கும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
பள்ளி உணவுக்கடைக்காரி ஒருத்தி,
தெம்பனிஸ்