நட்டு விஷயமாக

அன்புள்ள சுப்பு,

நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, தங்கச்சி எல்லாம் சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் வருகிறேன். பதினான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போனும் செய்யவில்லை. திட்டுவதென்றால் இங்கேயே திட்டி முடித்துவிடு, நடுவில் குறுக்கே பேசாதே. பெரியவள் பிரசவத்துக்காக கொலோனில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேரன். மூன்றேகால் கிலோ. மூக்கு மட்டும் என்னுடையது, பாவம்.

இப்போது உட்கார்ந்து கேள். நான் நூர்புர்க்ரிங் போய்விட்டு வந்தேன்.

ஆமாம்டா, அதேதான். உன் ரஃப் நோட்டின் பின்னட்டையில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாயே, அந்தப் படத்தில் இருக்கும் ஜெர்மனி ரேஸ் பாதை. கொலோனிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, இத்தனை பக்கத்தில் என்று தெரிந்தால் முதல் வாரமே கிளம்பியிருப்பேன். மாப்பிள்ளை வாடகைக் கார் எடுத்து வந்தார். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தப் பாதையில் ஒரு சுற்று ஓட்டலாம், தெரியுமா? ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அங்கே மட்டும் ஓட்டக்கூடாது என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறான். மாப்பிள்ளை அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நல்ல பையன், ஆனால் இந்த மாதிரி விஷயங்களுக்கு லாயக்கில்லை. நீ இருந்திருந்தால் பழனி ரோட்டு விவகாரம் மாதிரி ஏதாவது செய்து உள்ளே நுழைந்திருப்போம்.

அதனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். அடெனாவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஊர்ச் சாலைக்கு மேலே பாலம் போட்டு ரேஸ் பாதை போகிறது. கீழே ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு நடந்து போகிறாள், தலைக்கு மேலே வண்டி ஒன்று கியரை இறக்கிக்கொண்டு அலறுகிறது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஒரு மணி நேரம் அண்ணாந்தபடி நின்றேன், கழுத்து இன்னும் வலிக்கிறது.

போட்டோவில் பார்த்து நாம் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு சுப்பு. சமதளமே இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இரண்டு பக்கமும் காடு. இதில் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்று, 500 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். 1957 ஆகஸ்ட் 4, ஜெர்மன் கிராண்ட் பிரி கார் ரேஸ். மசெராட்டி ஓட்டிய நம் அர்ஜென்டினாக்காரர் ஃபான்ஜியோவுக்கு வயது 46. நமக்கு 46 ஆனபோது நீ முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தாய்.

கதையை உனக்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். மசெராட்டியில் பாதி டேங்க் பெட்ரோல், மென்மையான ரப்பர் டயர். நடுவில் ஒரு தடவை நின்று இரண்டையும் சரிசெய்துகொள்ளலாம் என்று திட்டம். ஃபெராரி நிற்காமல் ஓடும் கணக்கு. மூன்றாவது சுற்றில் முன்னால் வந்த மனுஷன் 12-வது சுற்று முடிவில் பிட்டுக்குள், அதாவது வண்டியை நிறுத்திச் சரிசெய்யும் இடத்துக்குள், வரும்போது கையில் அரை நிமிடம் போல வைத்திருந்தார். அங்கேதான் அது நடந்தது. சக்கரத்தின் நடுவில் ஒற்றை நட்டு, இரண்டு காதுள்ளது, சுத்தியலால் தட்டிக் கழற்றுவார்களே, அது உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. தேடி எடுத்து மாட்டுவதற்குள் சேர்த்து வைத்த அரை நிமிடமும் காலி, மேலே இன்னொரு முக்கால் நிமிடக் கடன். ஹாத்தார்னும் காலின்ஸும் ஆளுக்கொரு ஃபெராரியில் ஜோடியாக முன்னால் போய்விட்டார்கள்.

அப்புறம் அந்தப் பத்து சுற்று. சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்துக்கொண்டே வந்தார், 20-வது சுற்று 9 நிமிடம் 17.4 விநாடி. தகுதிச் சுற்றில் தானே போட்ட நேரத்தைவிட எட்டு விநாடி குறைவு. முந்தின வருஷத்துச் சாதனையைவிட 24 விநாடி குறைவு, அதுவும் அவருடையதுதான். வழக்கமாக எடுக்கும் கியரைவிட ஒரு கியர் மேலே வைத்து வளைவுகளை எடுத்தேன் என்று பின்னால் சொன்னார். அந்த வளைவுகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இந்த வாக்கியத்தை என்னால் முன்போலப் படிக்க முடியவில்லை. 21-வது சுற்றில் முதலில் காலின்ஸ். பிறகு ஹாத்தார்னை ஒரு இடது வளைவில் உள்பக்கமாக, இடது சக்கரங்கள் புல்லில், வலது சக்கரங்கள் மட்டும் ரோட்டில். வென்றது 3.6 விநாடியில். ஐந்தாவது உலகப் பட்டம் அன்றைக்கே உறுதி.

பிட்டிலிருந்து கிளம்பி முதல் ஓரிரு சுற்று அவர் மெதுவாகப் போனது ஃபெராரிக்காரர்களை ஏமாற்றப் போட்ட நாடகம் என்று முப்பது வருஷமாக என்னிடம் சண்டை போடுகிறாய். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், புது டயரைப் பழக்கிக்கொள்ளாமல் அங்கே எவனும் வேகம் எடுக்க முடியாது. ஏமாந்தது அவர்கள் தலையெழுத்து. ரேடியோ கிடையாது, பிட்டுக்கு எதிரே பலகை காட்டினால்தான் ஓட்டுபவனுக்குத் தெரியும், பலகையை ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். பின்னால் புலி வருகிறது என்று எழுதிக் காட்டுவதற்குள் புலி பாதி தூரம் வந்துவிடும். இதற்கும் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். சரி, விடு.

அந்தப் பழைய பிட்டைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன், அது இல்லை. 1984-ல் புதுப் பாதை திறந்தார்கள், அதற்காகப் பழைய ஆரம்ப இடத்தை எல்லாம் மாற்றிவிட்டார்கள். வண்டிகளை நிறுத்தி வைக்கும் பழைய கொட்டகைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அங்கே நின்றபோது எனக்கு ஃபான்ஜியோ ஞாபகமே வரவில்லை. நட்டைத் தவறவிட்டவன் ஞாபகம்தான் வந்தது.

அவனை நாம் ஒருநாள்கூட நினைத்ததில்லை, கவனித்தாயா? நாடகமா இல்லையா என்று சண்டை போட்டோம், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது. இனி ஒன்றரை மணி நேரம் அவன் அங்கேயே நிற்க வேண்டும். கையில் கிரீஸ். ஒவ்வொரு ஒன்பது நிமிடத்துக்கும் ஒரு தடவை அந்த வண்டி அவன் முன்னால் வரும், போகும். தான் மாட்டிய சக்கரத்தின் மேல் ஒரு கிழவர் மலை இறங்கிக்கொண்டிருக்கிறார், ஒருவரும் போகாத வேகத்தில். சரியாகத் தட்டினோமா என்று எத்தனை தடவை நினைத்திருப்பான்.

ஃபான்ஜியோவும் பால்கார்சே ஊரில் சின்ன வயதிலேயே ஒர்க்ஷாப்புக்கு எடுபிடியாகப் போனவர். நட்டு உருளும் என்பது அவருக்குத் தெரியும். அவன் மாட்டிய சக்கரத்தை நம்பித்தான் புல்லில் இறக்கினார்.

தங்கச்சி சொன்னாள். சக்கரம் கழன்றது, வண்டி வயலுக்குள் இறங்கியது, வாத்தியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை, நீயே போய் அவரிடம் நான்தான் முறுக்க மறந்தேன் என்று சொன்னது, அவர் பரவாயில்லை என்றது, அன்றிலிருந்து ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது, எல்லாம். இரண்டு மாதம் ஆகிறதாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். சத்தியம் வாங்க ஆளைப் பார்த்தாய்.

ஒன்றும் ஆகவில்லையே என்று நான் சொல்ல மாட்டேன். ஆகியிருக்கலாம். உனக்கு ராத்திரி தூக்கம் வராதது அதனால்தான், வரவும் வேண்டாம் கொஞ்ச நாள். அன்றைக்கு மேடையில் ஃபான்ஜியோவைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்களே இரண்டு பையன்கள், தோற்றதற்கே அத்தனை சந்தோஷப்பட்டவர்கள். அடுத்த வருஷம் அதே ரேஸில், அதே காட்டில், பிளான்ஸ்கார்ட்டன் என்கிற இடத்தில் காலின்ஸ் போய்விட்டார், வயது 26. ஹாத்தார்ன் பட்டம் வாங்கி, ரேஸை விட்டு, 1959 ஜனவரியில் இங்கிலாந்தில் சாதாரண ரோட்டில் விபத்தில் போய்விட்டார், வயது 29. பிளான்ஸ்கார்ட்டனிலும் நின்று பார்த்தேன். ஒரு குடும்பம் போர்வை விரித்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அதில் இருந்த குழந்தை போகிற ஒவ்வொரு வண்டிக்கும் கை ஆட்டியது. எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டினார், சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

உனக்காக அடெனாவில் ஒரு படம் வாங்கி வந்திருக்கிறேன், மசெராட்டி, நம்பர் 1. பருக்கை வைத்து ஒட்டாதே, ஃப்ரேம் போடு.

அப்புறம் ஒன்று. மூன்று மாதம் நின்ற என் வண்டியில் முன்னால் இடது சக்கரத்தில் சத்தம் வருகிறது. ஐம்பதைத் தாண்டினால் கடகடவென்கிறது. பேரிங் என்று பக்கத்துத் தெருப் பையன் சொல்கிறான், நான் கைவைக்க விடவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஷட்டருக்கு எதிரே ஹாரன் அடிப்பேன். திறக்காவிட்டால் அடித்துக்கொண்டே இருப்பேன், மளிகைக்கடைக்காரர் வந்து உன்னைத் திட்டட்டும். நாற்பதுக்கு மேல் போகாமல் மெதுவாக வருகிறேன்.

உன்,
ராமு

தங்கச்சியிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன்.