தமிழ்ல வெப் சீரிஸ் எழுதறவங்களுக்கு சேலத்துலேர்ந்து ஒரு மடல்

தமிழ்ல சீரிஸ் எழுதற, டைரக்ட் பண்ற எல்லாருக்கும் வணக்கமுங்க.

2023 மாட்டுப் பொங்கல் அன்னிக்கு இங்க வந்துச்சே 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'ங்கற அமெரிக்க சீரிஸ், அதோட முதல் ரெண்டு எபிசோடு பாத்துட்டு உடனே உங்களுக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு. 2013-ல வந்த வீடியோ கேமை வச்சு எடுத்தது, 'செர்னோபில்' சீரிஸ் எழுதின கிரெய்க் மேசினும் கேமை உருவாக்குன நீல் டிரக்மேனும் சேந்து பண்ணிருக்காங்க. ஒரு பூஞ்சை மனுசங்க மூளைய புடிச்சுக்குது, உலகம் படுத்துருது, இருபது வருசம் கழிச்சு ஒருத்தரும் ஒரு பொண்ணும் கிளம்பறாங்க, அவ்ளோதான் கதை.

என்னை உலுக்குனது அந்த பூஞ்சை எப்படி வருதுன்னு அவங்க யோசிச்சிருக்கற விதம். முதல் எபிசோடு 1968-ல ஒரு டிவி பேட்டில ஆரம்பிக்குது, மனுச உடம்பு சூட்டுல பூஞ்சையால பொழைக்க முடியாது, ஆனா உலகமே கொஞ்சம் சூடாச்சுன்னா அது அதுக்கேத்தாப்ல மாறிக்கும்னு ஒரு விஞ்ஞானி சொல்றார், சிரிச்சுட்டு இருந்த கூட்டம் அப்படியே அடங்கிருது. அந்த பூஞ்சைல கற்பனை பாதிதான், எறும்ப ஆட்டி வைக்கற கார்டிசெப்ஸ் வகை நெசமாவே இருக்கு. அப்புறம் ரெண்டாவது எபிசோடு ஜகார்த்தால ஆரம்பிக்குது. ஒரு மாவு மில்லுல வேலை பாத்த பொம்பளையோட உடம்ப ஒரு புரொபசரம்மா பாக்கறாங்க, கை நடுங்குது, மருந்தும் இல்ல தடுப்பூசியும் இல்ல குண்டு போடுங்கன்னு சொல்லிட்டு என்னை வீட்ல கொண்டுபோய் விட்ருங்கன்னு கேக்கறாங்க. பூராவும் அவங்க ஊர் பாஷைலயே. அப்பதான் முதல் எபிசோடுல ஹீரோ வீட்ல பேன்கேக் மாவு தீந்து போனதும் பொறந்தநாள் கேக் வாங்க மறந்ததும் எதுக்குன்னு பொறி தட்டுச்சு. எல்லாம் மாவு.

மாவுன்னா சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசி ஞாபகம் வராம இருக்குமா சொல்லுங்க. மரவள்ளிக் கிழங்க தோலுரிச்சு அரைச்சு, பால தொட்டில படிய விட்டு, மாவெடுத்து உருட்டி வறுத்து களத்துல காய வச்சு லாரில ஏத்தறோம், அது வடக்க விரதத்துக்கு கிச்சடியா போகுது. ஆத்தூர் பக்கம் ஒரு மில்லுல ஏதோ ஒண்ணு கலந்தா எங்கெங்க போய் சேரும்னு ஒரு நிமிசம் யோசிங்க. ஏற்கனவே பாதி கதை நடந்துருச்சுங்க. மரவள்ளில மாவுப்பூச்சி வந்து சேலம் நாமக்கல் காட்டையெல்லாம் அழிச்சுது, வெளியூர்லேர்ந்து வந்த பூச்சி, இங்க அதுக்கு எதிரியே இல்ல. கடைசில ஆப்பிரிக்கால பெனின் நாட்லேர்ந்து ஒரு சின்ன குளவிய கொண்டாந்து 2022-ல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல வச்சு விட்டாங்க. அந்த குளவி வர லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்? இதுல ஒரு சீசனே இருக்கு.

எங்க மாமா ஏற்காட்ல காப்பி எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருந்தவரு, அந்த 1968 சீன் வந்தப்ப நிமிந்து உக்காந்து, "இது நம்ம காப்பிச் செடிக்கு வர்ற இலைத்துரு மாதிரியேல்ல இருக்கு"ன்னார். அதுவும் பூஞ்சைதான். 1869-ல இலங்கைல தலைகாட்டி கொஞ்ச வருசத்துல அங்க இருந்த காப்பித் தொழிலையே முடிச்சு விட்டுச்சு, அப்புறம்தான் தேயிலை வந்துச்சு, காப்பிக்குன்னு கடல் தாண்டிப் போன நம்ம சனம் எத்தனை பேர் வாழ்க்கை அதுல தடம் மாறிப் போச்சு. இன்னிக்கும் ஏற்காட்ல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கறாங்க. எங்களுக்கு இந்த பயம் புதுசே இல்ல.

சீரிஸ்ல குறையும் இருக்கு, சொல்லிடறேன். பாஸ்டன் நகரத்துல நடக்கற பகுதி கொஞ்சம் தொய்வு, மனசு இறுகிப் போன ஆம்பள ஒரு புள்ளைய கூட்டிட்டு நடக்கறதும் பாத்துப் பழகுனதுதான், ஒரே ராத்திரில ஊரே விழறது அவசரமாவும் தெரிஞ்சுது. ஆனா அந்த ரெண்டு பேரா நடிச்ச பெட்ரோ பாஸ்கலும் பெல்லா ராம்சேயும் தாங்கிட்டாங்க.

நாளைக்கு நீங்க இப்படி ஒண்ணு எடுக்க வந்தா தயவுசெஞ்சு இடிஞ்ச ஷாப்பிங் மாலையும் துப்பாக்கியையும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. கரண்ட் இல்லாத சேலத்துல மேட்டூர் 120 அடி நிரம்பி நிக்கறப்ப மதகு யார் கைல இருக்கும்? சனம் பூரா ஏற்காட்டுக்கு ஏறும், இருபது கொண்டை ஊசி வளைவுல கீழ் வளைவ புடிச்சவன் மலையவே புடிச்ச மாதிரி, ஆனா மேல காப்பியும் மிளகும் இருக்கு, அரிசி கீழேர்ந்துதான் வரணும். அப்ப சோறு போடறது சாமையும் ராகியும் விதைக்கத் தெரிஞ்ச, அந்த மலைலயே இருக்கற மலையாளி பழங்குடி சனந்தான், கதைல அவங்க ஓரமா நிக்கக் கூடாது.

கிழங்கு அரைக்கற சீசன்ல ஒரு தடவை ஆத்தூர் வாங்க. தொட்டில மாவு படியறத பாருங்க, லாரி டிரைவர்கிட்ட எந்த ஊருக்கு லோடுன்னு கேளுங்க, ஏத்தாப்பூர்ல அந்த குளவிய வளத்தவங்ககிட்ட ஒரு நாள் பூரா உக்காந்து பேசுங்க. உங்க சீரிஸ்ல முதல் சீன்ல நோய கண்டுபுடிக்கற டீச்சரம்மா எங்க சேலத்துத் தமிழ்லயே பேசட்டும்.

இப்படிக்கு,
சேலத்துலேர்ந்து ஒரு பார்வையாளன்