பருப்பு வேகாத தண்ணீரும் பாடத்திட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர்கல்வியில் மாற்றம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருந்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கல்விச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த கோத்தாரி ஆணையம் 1966-லேயே பரிந்துரைத்த தன்னாட்சியை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978-ல் பெற்றன. அதுவரை பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தின் கையில்தான். பாடம் நடத்துகிறவரே பாடத்தை மாற்றலாம் என்ற உரிமையின் அருமை, அதைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த அரசு தன்னாட்சிக் கல்லூரியில் தருமபுரிப் பக்கத்து மாணவி ஒருத்தி, "சார், எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு ஏன் வேக மாட்டேங்குது?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவந்தாள். டைட்ரேஷன் (கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு காணும் சோதனை) செய்து பார்த்தோம். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். அப்புறம் வகுப்பே ஊர்த் தண்ணீரைக் கொண்டுவர ஆரம்பித்தது. ஆய்வகத்தில் நாங்கள் கலக்கித் தரும் கரைசலை மட்டுமே சோதித்த பிள்ளைகள், தங்கள் வீட்டுக் குடத்தைச் சோதித்தார்கள்.

இதைச் செய்முறைப் பாடத்தில் சேர்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொருவர் தண்ணீருக்கும் ஒரு விடை வந்தால் வெளித்தேர்வாளர் எப்படி மதிப்பெண் போடுவார் என்று பாடத்திட்டக் குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு மாதிரியையும் நாங்களே முன்னதாகச் சோதித்து, விடையை உறையிலிட்டுத் தர ஒப்புக்கொண்டோம். அடுத்த ஆண்டு ஃப்ளோரைடு அளவிடலும் சேர்ந்தது. ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரால் பற்களில் காவிக்கறை படிந்த பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் அது வெறும் பரிசோதனை அல்ல.

இன்று அந்தச் செய்முறை வகுப்பை நடத்துபவர் ஒரு கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியில் இல்லாத தற்காலிக ஆசிரியர். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும் என்று என்னிடம் ஆர்வமாகச் சொன்னார். நல்ல யோசனை. ஆனால் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதிக்கு நாற்காலி உண்டு, பழைய மாணவருக்கு உண்டு, அவருக்கு மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதும் அவருக்கு நிச்சயமில்லை. மேலிருந்து எத்தனை புதுத் திட்டங்கள் வந்தாலும், வகுப்பில் நிற்பவரை வெளியே நிறுத்திவிட்டு எதை மாற்றப் போகிறோம்?

கௌரவ விரிவுரையாளர்களையும் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராக்க உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அந்த ஆணை குழுவின் அடுத்த கூட்டத்துக்குள் வந்தால், வரும் மழைக்கு முன்பே அவர் மாதிரிகளைச் சேகரிக்கலாம்.

– ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், சேலம்