மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கும் விதம்

சேலம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய உன் நாவலின் ஏழு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். 1792-இல் சேலம் சீமை திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போனபோது ஜனங்களுக்கு இருந்த பயத்தை நன்றாக எழுதியிருக்கிறாய். ஆறாவது அத்தியாயத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பின்மண்டையில் தடியடி வாங்கிய முத்துவேல் ராத்திரி முழுக்க நினைவில்லாமல் கிடக்கிறான். கோழி கூவியதும் எழுந்து, முகம் கழுவி, குதிரையேறிச் சேர்வராயன் மலைக்குப் புறப்பட்டுவிடுகிறான்!

அது தூக்கம் இல்லை கண்ணு. அடிபட்டு நினைவு தப்புகிறவர்கள் பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிஷங்களில் கண் திறந்துவிடுவார்கள். அரைமணி தாண்டினாலே வார்டில் எங்களுக்குக் கவலை வந்துவிடும். விடிய விடியக் கிடந்தவன் பிழைத்தாலும் குதிரைப் பக்கம் போகப் பல நாளாகும்.

கண் திறந்ததும் எல்லாம் தெளிந்துவிடாது. ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து வந்த பிள்ளைகளை எத்தனையோ வருஷம் பார்த்தவள் நான். "எங்க இருக்கேன்?" என்பான். சொல்வோம். அடுத்த நிமிஷம் அதையே கேட்பான். விழுந்ததும் நினைவிருக்காது, அதற்கு முன்னால் டீ குடித்ததும் நினைவிருக்காது. வாந்தி வரும், வெளிச்சம் கூசும், பெற்றவள் மேலேயே எரிந்து விழுவான். வாசனை தெரியாமல் போனவர்களும் உண்டு. முத்துவேலுக்கும் அடித்தவன் முகம் நினைவில் இருக்க வேண்டாம். யார் அடித்தது என்று அவனுக்கே தெரியாதபோது எல்லாரையும் சந்தேகப்படுவான், உன் கதைக்கும் அது நல்லதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லிசு. அதன் உட்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அதுவும் கிழியலாம். ஆள் சற்று மயங்கி எழுந்து நன்றாகப் பேசுவான், சாப்பிடக்கூடச் செய்வான். சில மணி நேரத்தில் தலைவலி ஏறும், பேச்சு குழறும், ஒரு கண்பாவை மட்டும் விரிந்து நிற்கும், நாடி தளரும். உள்ளே தேங்கிய ரத்தம் மூளையை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் படம் பிடித்துக் காட்டும் சி.டி. ஸ்கேனை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுத்துப் பார்த்ததே 1971-இல்தான். உன் கதைக் காலத்து வெள்ளைக்கார வைத்தியர்கள் மண்டையோட்டில் துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றப் பார்த்தார்கள். பிழைத்தவர்களும் உண்டு, சீழ் பிடித்துச் செத்தவர்களும் உண்டு. நீ வைத்திருக்கும் பட்டாளத்து டாக்டருக்கு இந்த வேலையைக் கொடு.

மயங்கிக் கிடப்பவன் வாயில் பொன்னி தண்ணீர் ஊற்றுகிறாளே, படிக்கவே பதறியது. விழுங்க முடியாதவனுக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் ஊற்றத்தான் செய்திருப்பார்கள். அவளும் ஊற்றட்டும், அவன் புரையேறித் திணறட்டும், பக்கத்தில் இருக்கிற கிழவி அவனை ஒருக்களித்துப் புரட்டிப் படுக்க வைக்கட்டும்.

அப்புறம் அந்தச் சங்ககிரிக் கோட்டைக் காவல்காரன். துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு முத்துவேல் போய்விடுகிறான், நீயும் அவனை விட்டுவிட்டாய். அப்படி அடிபட்டு வந்து எழுந்திருக்காமலே போனவர்களுக்கு நான் உடம்பு துடைத்துவிட்டிருக்கிறேன், வாசலில் நின்ற அவர்கள் வீட்டாருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவன் பிழைத்தானா, பிழைத்திருந்தால் பேச்சு வந்ததா, அவன் வீட்டில் யார் யார், எல்லாம் எட்டாவது அத்தியாயத்தில் வர வேண்டும். எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா