ஆடிய கேமராவை நிலைக்கு வரவைத்தவருக்கு நன்றி

4க்கு 5 அங்குல ஃபிலிம் போடும் என் பழைய மரக் கேமராவில் திருகுத் துளை தளர்ந்து லென்ஸ் தாங்கி ஆடுகிறது என்றதும், பெயர்கூடச் சொல்லாமல் பொறுமையாக வழிகாட்டிய உங்களுக்கு மனமார்ந்த நன்றி. தடித்த திருகு போட்டால் மரம் பிளக்கலாம், தளர்ந்த துளையில் கடின மரக் குச்சியைப் பசை தடவி அடைத்து, காய்ந்தபின் மெல்லிய துளை போடுங்கள் என்றீர்கள். அப்புறம் சொன்னதுதான் பொன்னான விஷயம்: பித்தளைத் திருகு மென்மையானது, முறுக்கினால் உடையும், அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி, மரத்தில் புரி பதிந்தபின் பித்தளையைப் போட வேண்டும். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்! கிரவுண்ட் கிளாஸுக்கு, அதாவது ஃபோகஸ் பார்க்கும் மங்கலான கண்ணாடிக்கு, அடியில் எதையும் செருகக் கூடாது, அது ஃபிலிம் தளத்திலிருந்து விலகி ஃபோகஸ் தவறும் என்றும் எச்சரித்தீர்கள். இப்போது தாங்கி நிறுத்திய இடத்தில் நிற்கிறது. லென்ஸைப் பொருத்தும் பலகையின் இடைவெளியில் மட்டும் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன், ஒளிக்கசிவும் போய்விட்டது.